ஆயரின் பதிவேடும் அப்பாவின் கேஸும்

அப்பாவின் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை அவருடைய கடதாசிகளைப் பிரித்து அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. கார்ஜ் லே கொனெஸில் எங்கள் தொடர்மாடி வீட்டில், அலுமாரியின் மேல்தட்டில், ஒரு பிஸ்கற் பேணி இருந்தது. அதற்குள் காலாவதியான வதிவிட அட்டைகள், காப்புறுதிக் கடிதங்கள், எப்போதோ முடிந்துபோன ஒரு சீட்டின் கணக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் தட்டச்சில் அடித்த ஆறு பக்கப் பிரெஞ்சு வாக்குமூலம். 1987இல் அகதிக் கோரிக்கைக்காக அவர் கொடுத்தது. எங்கள் ஆட்களின் பேச்சில் சொன்னால், அப்பாவின் 'கேஸ்'.

நின்ற நிலையிலேயே வாசித்தேன். 1985 தை மாதம் இராணுவச் சோதனைச்சாவடியில் பிடிபட்டது, மாத முடிவு வரை முகாமில் அடி, காசு கொடுத்து வெளியே வந்தது, பிறகு மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின், அங்கிருந்து பாரிஸ். பயணப் பாதை சரிதான். மற்றது எதுவும் எனக்குத் தெரிந்த அப்பாவுக்கு நடந்ததல்ல. அந்தத் தைப்பொங்கலுக்கு அவர் எங்கள் முற்றத்தில் பானை வைத்துவிட்டு எனக்கு வெடி கொளுத்திக் காட்டினார். எனக்கு அப்போது ஆறு வயது. முதல் வெடியை யாரும் மறப்பதில்லை.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அதை ஏன் இப்ப எடுத்தனீ?" என்றா. அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

விடுமுறையில் எனக்கு இன்னும் நான்கு நாட்கள் மிச்சம் இருந்தன. பிரித்தானியாவில் கணினித்துறையில் முதுகலை படித்த காலத்தில், உடனிருந்த வரலாற்று மாணவன் ஒருவன் விட்டுப்போன புத்தகம் ஒன்றை வாசித்ததில் இருந்து, பிரான்சின் தெற்கே பிரனே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிறிய நகரத்துக்குப் போகவேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நகரத்தின் பெயர் பாமியே. புத்தகம், எமானுவெல் லுருவா லாதுரி 1975இல் வெளியிட்ட 'மொந்தாயு'. வீட்டில் இருந்து அந்தப் பேணியைப் பார்த்துக்கொண்டிருப்பதை விடப் போய்விட்டு வரலாம் என்று தோன்றியது.

கார்ஜ் சார்செல் நிலையத்தில் ஆர்இஆர் 'டி' ஏறி, கார் து லியோனில் இறங்கி, பாலத்தால் சேன் நதியைக் கடந்தால் ஓஸ்தர்லிட்ஸ். அங்கிருந்து ஸ்பானிய எல்லையோரத்து லத்தூர் த கரோலுக்கு ஓர் இரவு ரயில் ஓடுகிறது. துலூஸ் தாண்டி விடியும்போது வயல்வெளியின் முடிவில் மலைகள் ஒரு மதிலைப் போல எழும்பி நின்றன. பாமியேக்குச் சற்று முன்னால் லு வெர்னே என்ற ஊர். 1939இல் தோற்றுப்போன ஸ்பானியக் குடியரசுப் படையினரை அடைத்து வைத்த முகாம் அங்கேதான் இருந்தது. பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளில் இருந்து வந்த பாசிச எதிர்ப்பாளர்களையும் அங்கே அடைத்தார்கள். எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லரும் அங்கே இருந்தார். 1944 வரை ஏறக்குறைய 40,000 பேர் அதற்குள் இருந்து போயிருக்கிறார்கள். ரயில் ஜன்னலால் பார்க்கிறவருக்கு வயல் மட்டும்தான்.

சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் பாமியேயில் இறங்குவது குறைவு. இன்னும் 20 கிலோமீற்றர் தெற்கே உள்ள ஃபுவாவுக்குப் போய்விடுவார்கள். நானும் அடுத்த நாள் போனேன். செங்குத்தான பாறை, அதன் மேல் மூன்று கோபுரங்கள், கீழே ஆரியேஜும் ஆர்ஜேயும் கலக்கும் இடம். நாட்காட்டிக்குக் கச்சிதமான காட்சி. சிலுவைப்போர்த் தளபதி சிமோன் த மொன்ஃபோர் திரும்பத் திரும்ப வந்தும் முற்றுகையால் பிடிக்க முடியாத கோட்டை அது. 1862 வரை சிறைச்சாலையாக இருந்தது. பார்க்கவேண்டிய இடம்தான், ஆனால் நான் தேடி வந்தது அங்கே இல்லை.

பாமியே வடிவான ஊர் என்று சொல்லமாட்டேன். ஓரத்தில் உலோக ஆலை, கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் கடைகள், இடைக்காலத்தில் வெட்டப்பட்டு இன்றும் பழைய நகரைச் சுற்றி ஓடும் வாய்க்கால்கள். புனித அந்தோனின் பேராலயத்தின் மணிக்கோபுரம் துலூஸ் பாணியில் செங்கல்லால் எழுப்பிய எண்கோணம், 14ஆம் நூற்றாண்டினது. மற்றப் பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டின் மதப்போர்களில் அழிந்து, பிறகு கட்டப்பட்டது. பழைய கோட்டை நின்ற கஸ்தெல்லா மேடு இப்போது மரங்கள் நிற்கும் உலாவும் இடம். இந்த ஊரில் பிறந்த இசைமேதை கப்ரியேல் ஃபோரேயின் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. நான் தேடி வந்த மனிதருக்குச் சிலை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அவர் பெயர் ஜாக் ஃபூர்னியே. பக்கத்து ஊரான சவெர்தனில் பிறந்தவர், சிஸ்தேர்சிய சபைத் துறவி, 1317இல் பாமியேயின் ஆயர். அந்த மறைமாவட்டமே 1295இல்தான் உருவாகியிருந்தது. இந்த மலைப்பகுதியில் கத்தாரியர் என்று ஒரு கூட்டம் இருந்தது. இந்த உலகத்தைப் படைத்தவன் நல்ல கடவுள் அல்ல, உடம்பும் மண்ணும் தீயவனின் வேலை என்று நம்பியவர்கள். திருச்சபை அவர்களைப் பதிதர் என்று ஒதுக்கி, 1209இல் அவர்கள் மீது சிலுவைப்போர் தொடுத்தது. 1244இல் மோன்செகூர் மலைக்கோட்டை விழுந்தபோது 200க்கும் மேற்பட்டோரைத் தீயில் இட்டார்கள். மிஞ்சியவர்கள் மலைக்கிராமங்களில் ஆடு மேய்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போய்க்கொண்டு, இரவில் தங்கள் ஆட்களைக் கொட்டிலில் ஒளித்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். 1308இல் மொந்தாயு என்ற கிராமத்தை வளைத்து, வயது வந்தோர் அனைவரையும் கர்கசோன் விசாரணையாளர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த இடத்தை முதன்முதல் வாசித்தபோது 'சுற்றிவளைப்பு' என்ற சொல் தானாக என் வாயில் வந்தது. வேறு சொல் எனக்குத் தெரியாது.

ஃபூர்னியே அந்த வேலையைப் பொறுமையாகச் செய்தார். 1318 முதல் 1325 வரை 98 வழக்குகள், 578 விசாரணைகள், 370 அமர்வு நாட்கள். அவர் சித்திரவதையைப் பெரும்பாலும் நாடவில்லை. 1321இல் தொழுநோயாளர் மீது எழுந்த ஒரு வழக்கு விதிவிலக்கு. அவருடைய ஆயுதம் கேள்விதான். எங்கே இருந்தாய், யார் கூட இருந்தார், கதவு திறந்திருந்ததா, அடுப்பருகில் யார் குந்தியிருந்தார். அவர் தீயில் இட்டவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்குச் சிறை, சொத்துப் பறிப்பு, முதுகிலும் மார்பிலும் மஞ்சள் சிலுவை. கைதிகளை அடைத்த அல்மான் கோட்டை ஊருக்கு வெளியே, இன்று லா தூர் து கிரியே என்று சொல்லும் இடத்தில் இருந்தது. 1334இல் இவரே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். அவிஞோனில் இன்று எல்லோரும் படம் எடுக்கும் பாப்பரசர் மாளிகையைத் தொடங்கியவர் அவர்தான். போகும்போது தன் பதிவேட்டையும் கொண்டுபோனார். அதனால்தான் அது பிழைத்தது. இன்று வத்திக்கான் நூலகத்தில் இலத்தீன் 4030 என்ற இலக்கத்தில் இருக்கிறது. 1965இல் ஜான் துவெர்னுவா அதைப் பதிப்பித்தார். பத்து வருடம் கழித்து லுருவா லாதுரி அதில் இருந்து ஒரு முழுக் கிராமத்தையும் உயிர்ப்பித்துக் காட்டினார்.

நான் சோறு உண்பதே லாக் கோப்புகளை வாசித்துத்தான். ஒழுங்காக ஓடும் சேவை அதிகம் எழுதாது. பிழை வந்தால்தான் பக்கம் பக்கமாகக் கொட்டும். ஏழைகளின் வரலாறும் அநேகமாக இப்படித்தான் கிடைக்கிறது. அரசாங்கம் அவர்களைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்ட நாட்களில்தான் அவர்கள் பேசியது எழுத்தில் ஏறியது. மொந்தாயுப் பெண்கள் வெயிலில் குந்தியிருந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசியது நமக்குத் தெரிந்திருப்பது, அந்தப் பேன் பார்த்த வேளையில் பதிதரைப் பற்றி யார் என்ன சொன்னாள் என்று ஓர் ஆயர் துருவிக் கேட்டதால். எங்கள் அம்மம்மாவும் குஞ்சியம்மாவும் பின்விறாந்தையில் அதே வேலையைச் செய்துகொண்டு பேசியதை எந்த ஆயரும் கேட்கவில்லை. அது போய்விட்டது.

பதிவேடு எழுதப்பட்ட முறைதான் என்னை உலுப்பியது. விசாரிக்கப்பட்டவர் பேசியது ஒக்சித்தான், அந்த மலைப்பக்கத்து மொழி. எழுத்தர் கேட்டுக் கேட்டு அதை இலத்தீனில் எழுதினார். பிறகு அதை மறுபடி அவருடைய மொழியில் வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார்கள். திருத்தம் இருந்தால் திருத்தினார்கள். அதற்குப் பிறகு தோலேட்டில் நல்ல கையெழுத்தில் ஏற்றினார்கள். அகதி விசாரணைக்குப் போன எவருக்கும் இந்த அறை தெரியும். நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள், ஒருவர் மொழிபெயர்க்கிறார், அது பிரெஞ்சில் ஏறுகிறது. கடைசியில் எஞ்சுவது நீங்கள் வாசிக்க முடியாத ஒரு மொழியில் இருக்கும் உங்களுடைய வாழ்க்கை.

பேராலயத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடையில் இருந்து பெயாத்ரிஸ் த பிளானிசோலின் வழக்கை மறுபடி வாசித்தேன். மொந்தாயுக் கோட்டைத் தலைவரின் விதவை, சிறுகுடிப் பிரபு வம்சம். 1320இல் அழைப்பாணை வந்ததும் ஓடினாள், பிடிபட்டாள். அவளுடைய பைக்குள் இருந்தவற்றை எழுத்தர் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். இரண்டு தொப்புள்கொடிகள், இரத்தக்கறை படிந்த துணித்துண்டுகள், விதைகள், சாம்பிராணிக் கட்டிகள், ஒரு கண்ணாடி, சின்னக் கத்தி, காய்ந்துபோன பாண் துண்டு. சூனியம் என்றார்கள். அவள் சொன்ன விளக்கம்: கொடிகள் தன் மகள்மாரின் ஆண்பிள்ளைகளுடையவை, அவற்றை வைத்திருந்தால் வழக்கில் தோற்கமாட்டாய் என்று, பின்னாளில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு யூதப் பெண் தனக்குச் சொன்னாள். துணியில் இருந்தது தன் மகளின் முதல் மாதவிடாய் இரத்தம். வருங்கால மருமகனுக்கு அதைக் கரைத்துக் கொடுத்தால் அவன் வேறு பெண்ணைத் தேடமாட்டான் என்பதற்காக. வழக்கில் தோற்காமல் இருக்கக் கொண்டுவந்த சாமானே அவளுடைய வழக்கில் சான்றாகிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்து, 1322இல் மஞ்சள் சிலுவையோடு வெளியே வந்தாள்.

அன்று பின்னேரம் கஸ்தெல்லா மேட்டில் ஒரு வாங்கில் இருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தெற்கே மலைகளில் பனி இன்னும் கரையவில்லை. மழையா, சாப்பிட்டியா என்ற கேள்விகள் முடிந்த பிறகு பேச ஒன்றும் இல்லாமல் பெயாத்ரிஸின் கதையைச் சொன்னேன். அம்மா சிரித்தா. "அதில என்ன சூனியம்? உன்ர தொப்புள்கொடியையும் வெள்ளித் தாயத்துக்குள்ள போட்டு அரைநாணில கட்டினதுதானே. வரேக்க கொண்டந்தனான், இப்பவும் கிடக்கு" என்றா. சிரித்த கையோடு, "பிறகு? வேற ஆக்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா. நான் ஆர்னோ சீக்ரின் கதையைச் சொன்னேன்.

மலைக்கு இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு போகப் போக, கத்தாரியர் பலர் மலையைக் கடந்து அரகோன் மன்னரின் நாட்டுக்கு ஓடினார்கள். சன் மத்தேயு, மொரெய்யா போன்ற ஊர்களில் கூலிவேலை செய்து, ஆடு மேய்த்து, ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி, ஊரை நினைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களுடைய கடைசிக் குரு கியோம் பெலிபாஸ்த் மொரெய்யாவில் சீப்புச் செய்து பிழைத்தார். சன் மத்தேயுவுக்கு ஒரு நாள் ஆர்னோ சீக்ர் என்ற இளைஞன் வந்து செருப்புத் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அவனுடைய தாய் பதிதர் என்று எரிக்கப்பட்டவள். அவளுடைய வீட்டையும் சொத்தையும் பறித்துவிட்டார்கள். அந்த வீட்டைத் திரும்பப் பெற அவனுக்கு இருந்த வழி, ஒரு பெரிய பதிதரைப் பிடித்துக் கொடுப்பது. கடையில் இருந்தபோது, அரைக்கத் தானியம் இருக்கிறதா என்று கூவிக்கொண்டு ஒரு பெண் போனாள். எந்த ஊர் என்று கேட்டான். சவெர்தன் என்றாள். உன்னுடைய பேச்சு அந்த ஊர்ப் பேச்சில்லையே, மொந்தாயுப் பக்கம் போல இருக்கிறதே என்றான் இவன். அந்த ஒரு வார்த்தையோடு உள்ளே நுழைந்துவிட்டான்.

பிறகு ஆயரிடம் வந்து சொன்னான். ஆயர் காசும் அனுமதியும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மலைப்பக்கத்தில் தனக்கு வசதியான ஒரு மாமியும் கலியாண வயதில் ஒரு தங்கையும் இருப்பதாகக் கதை கட்டி, பெலிபாஸ்தை எல்லைக்கு இந்தப் பக்கம் நடத்திக்கொண்டு வந்தான். 1321இல் வில்ரூஜ் தெர்மெனேயில் பெலிபாஸ்தை எரித்தார்கள்.

வீட்டுக்காகக் காட்டிக்கொடுத்தவன். எங்களுடைய ஊர் வீடு வருடக்கணக்காக உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. சீக்ரை வாசிக்கும்போது எனக்கு வருவது வெறும் கோபம் மட்டும் அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுமுனையில் அம்மா கனநேரம் பேசாமல் இருந்தா. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "அப்பாவுக்கும் அதுதான்" என்றா.

1986 சித்திரை, வைகாசி. இயக்கங்கள் தங்களுக்குள் அடிபட்டுக்கொண்ட நாட்கள். அப்பாவின் தங்கையின் மகன் தோற்ற பக்கத்தில் இருந்தவன். இரண்டு இரவு எங்கள் மாட்டுக்கொட்டிலில் படுத்திருந்தான். மூன்றாம் நாள் பெடியள் வந்தார்கள். எந்தப் பெடியள் என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மச்சானையும் கொண்டுபோனார்கள், அப்பாவையும் கொண்டுபோனார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். எனக்குச் சொல்லப்பட்டது, அப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று. வந்தபோது அவர் எனக்கு ஒன்றும் வாங்கி வரவில்லை என்று அழுதிருக்கிறேன்.

"பிரான்சில அதைச் சொல்லியிருக்கலாமே அம்மா. அதுவும் கேஸ்தானே."

"ஆருக்குச் சொல்லுறது? மொழிபெயர்க்க வந்த ஆள் ரெண்டாவது வசனம் கதைக்கேக்கையே அப்பாவுக்கு விளங்கிட்டுது, அவர் எங்கட பக்கம் எண்டு. ஆர் ஆற்ற ஆள் எண்டு ஆருக்குத் தெரியும்? நாங்கள் அப்ப ஊரில இருந்தனாங்கள், நீயும் நானும்."

அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு பாவமும் அறியாதவராக இருந்திருக்கலாம். அநேகமாக அப்படித்தான் இருந்திருப்பார். ஆனால் லாச்சப்பலில் கறிவேப்பிலைக் கட்டு வாங்கும்போதே, "நீங்கள் தென்மராட்சிப் பக்கமோ?" என்று கண்டுபிடித்துவிடுகிற சனம் நாங்கள். அப்பா வாயைத் திறந்திருந்தால் எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தக் கொட்டில் என்பதுவரை போயிருக்கும். ஆகவே லாச்சப்பலில் ஒரு கடையின் பின்னறையில் இருந்து கேஸ் எழுதிக்கொடுத்த ஒருவர், வேறு பலருக்கு உண்மையாகவே நடந்த ஒன்றை எடுத்து அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தார். அடி உண்மை. அடைத்து வைத்ததும் உண்மை. அடித்த கை மட்டும் மாற்றி எழுதப்பட்டது. அது யாரும் ஆச்சரியப்படாத கை.

லுருவா லாதுரியின் புத்தகம் வந்து 11 வருடம் கழித்து, 1986இல், மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ அதைக் கடுமையாக விமர்சித்தார். விசாரணை அறையில், அதிகாரத்துக்கு முன்னால், பயத்தோடு சொன்னவற்றை ஏதோ விருப்பத்தோடு கொடுத்த நேர்காணல் போல எடுத்துக்கொண்டது பிழை என்றார். விமர்சனம் நியாயமானது என்று இப்போது இன்னும் உறுதியாக நினைக்கிறேன். என் அப்பாவின் ஆறு பக்கத்தை 700 வருடம் கழித்து ஒருவர் கண்டெடுத்தால், தேதி, இடம், முகாமின் பெயர் எல்லாம் பொருந்தி இருப்பதைக் கண்டு அப்படியே நம்பிவிடுவார். பெயாத்ரிஸும் முதல் நாள் மறுத்தவள்தான். இரண்டாம் மூன்றாம் முறை கூப்பிட்டுக் கேட்டபோதுதான் கதை வேறாக வந்தது. அப்பாவை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அவருடைய கேஸ் முதல் முறையிலேயே சரிவந்தது, அட்டை கிடைத்தது, 1992இல் நாங்கள் வந்து சேர்ந்தோம். நான் படித்ததும், வேலை செய்வதும், இந்த ரயிலில் ஏறியதும் அந்த ஆறு பக்கத்தின் மேல்தான். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மை என்று பேணிக்குள் திரும்ப வைக்கவும் முடியவில்லை.

கார்ஜுக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, அம்மா சொன்னதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். ஊரின் பெயர் போடாதே, மச்சானின் பெயர் போடாதே, அவன்ர தாய் இன்னும் இருக்கிறா என்பது அம்மாவின் நிபந்தனை. எழுதி முடித்துக் குசினி மேசையில் இருந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. இரண்டு இடத்தில் நிறுத்தினா. அப்பாவை வைத்திருந்தது பத்து நாள் இல்லை, பதினொரு நாள். மச்சான் படுத்திருந்தது மாட்டுக்கொட்டில் என்று எழுதியிருக்கிறாய், அந்த வருசம் எங்களிட்ட மாடு இல்லை, வித்துப்போட்டம், வைக்கல்தான் கிடந்தது.

திருத்தினேன். மறுபடி வாசித்துக் காட்டினேன். "ஓம், இப்ப சரி" என்றுவிட்டு, அடுப்பில் வைத்த சோற்றைப் பார்க்க எழும்பினா.